துரையின் பிஸ்டலுக்குப் பித்தளை பாலிஷ்

1. மினுக்கல் நாள்

வேலை போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. அப்போது என் இடது கையில் பெரிய துரையின் பிஸ்டல் இருந்தது. வலது கையில் பித்தளை பாலிஷ் போட்ட துணி இருந்தது.

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் பங்களா அப்புவாக இருந்தவன் நான். தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையின் பங்களாவில் சமைப்பது, பரிமாறுவது, துடைப்பது, மினுக்குவது எல்லாம் அப்புவின் பாடு. இன்றைக்கு அந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டால், "அண்ணே, அந்த பிஸ்டல் கதைய சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்பதால் பாதிதான் காதில் ஏறுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கள் பங்களாவில் சனிக்கிழமை மினுக்கல் நாள். வாசல் மணி, கதவுக் கைபிடிகள், விளக்குத் தண்டுகள், பழைய துரைமார் பந்தடித்து வாங்கிய கிண்ணங்கள் எல்லாம் பின்வராந்தா மேசைக்கு வந்துவிடும். அந்த வேலைக்கு ஒரே விதிதான். துணி கறுக்க வேண்டும், சாமான் வெளுக்க வேண்டும். துணி எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு அழுக்குப் போகிறது என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருடமும் இந்த விதி என்னை ஏமாற்றியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அப்போதிருந்த பெரிய துரைக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். தோட்டத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிஸ்டல் அவருடைய தகப்பனாருடையது. அவரும் தோட்டத் துரையாக இருந்தவர்தான். அவர் காலமான பின் லைசன்ஸை மகன் தன் பெயருக்கு மாற்றி வாங்கியிருந்தார். தோலுறையில் போட்டு, அலுமாரிக்குள் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் அது தூங்கிக்கொண்டிருந்தது. குண்டுகள் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் பூட்டியிருந்தன.

கொழும்புக்குக் கிளம்பும் அவசரத்தில் துரை அதை என்னிடம் கொடுத்தார். "அப்பு, புதன்கிழம பொலிஸ்ல லைசன்ஸுக்கு காட்டணும். காலியாத்தான் இருக்கு. மேலால மட்டும் கொஞ்சம் தொடைச்சி வைங்க" என்றார்.

மேலால் மட்டும் என்றுதான் சொன்னார். நான் மேலால் மட்டும்தான் தேய்த்தேன். குற்றம் அதில் இல்லை.

உறையிலிருந்து எடுத்ததும் ஓரத்தில் செம்மண் நிறத்தில் இரண்டு மூன்று துருப் புள்ளிகளைக் கண்டேன். மணிக்குப் போட்ட பாலிஷ் துணியிலேயே மிச்சம் இருந்தது. இடது பக்கத்தில் வைத்து நன்றாகத் தேய்த்தேன். துணி கறுத்தது. எனக்குச் சந்தோஷம். இன்னும் தேய்த்தேன். இன்னும் கறுத்தது. துரையின் தகப்பனார் வீட்டில் இத்தனை வருடமாக இதை யாரும் மினுக்கவில்லை போல என்று அந்த வீட்டு அப்புமாரைக்கூடக் கொஞ்சம் திட்டினேன். கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைவெளேர் என்று இரும்பு பளபளத்தது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி இராசம்மா தேத்தண்ணியோடு வந்தாள்.

"தொர கறுப்பு துப்பாக்கிதானே குடுத்தாரு?"

"ஆமா."

"இது என்ன வெள்ளையா இருக்கு?"

நான் பிஸ்டலைப் பார்த்தேன். சுற்றிலும் ஒரே சீரான கருநீலம். நடுவில் மட்டும் என் கைவேலை. போனது அழுக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தேத்தண்ணி ஆறிப்போனது, நான் குடிக்கவில்லை.

2. சப்பாத்து பாலிஷ்

பங்களாவுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். அப்பு வேலை போனால் அந்த வீடும் போகும். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அந்த வயதில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு டிக்கோயாவில் மச்சான் வீட்டு வாசலில் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"தொர வந்ததும் உள்ளத சொல்லிருங்க" என்றாள் இராசம்மா.

"சொல்றேன், சொல்றேன்" என்றேன். சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

என்னிடம் கறுப்பாக இருந்தது துரையின் சப்பாத்து பாலிஷ் ஒன்றுதான். டப்பாவைத் திறந்தால், நான் கடைசியாக மூடி வைத்ததை விடக் குறைந்திருந்தது. அந்தப் பங்களாவில் சப்பாத்து மினுக்குகிறவன் நான் ஒருவன்தான். எலி வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பயந்தவன் மூளை அவ்வளவுதான் வேலை செய்யும்.

விரல் நுனியால் மெல்லிசாகப் பூசி, காயவைத்து, புருசால் தேய்த்து, மறுபடி பூசினேன். மூன்று தடவை. சும்மா சொல்லக்கூடாது, அருமையாக வந்தது. சந்தேகம் வராமல் இருக்கப் பிஸ்டல் முழுக்க ஒரு கை போட்டேன். இராசம்மா தூர நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு லேசும் கட்டிட்டீங்கன்னா கால்ல போட்டுக்கிட்டே போகலாம்" என்றாள்.

செவ்வாய் மாலை துரை வந்தார். பிஸ்டலை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. உறையின் வாயை மட்டும் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு அப்பு, நல்லா இருக்கு" என்று அவசரமாகப் பையில் போட்டுவிட்டார். அவர் முகத்தில் ஏதோ கலவரம் தெரிந்தது. என் கலவரத்தில் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

3. வட்டமும் நேரும்

புதன்கிழமை டவுனில் மரக்கறியும் வாங்க வேண்டியிருந்ததால் துரை என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பொலிஸில் துப்பாக்கிகளைப் பரிசோதிக்க இருந்தவர் ஓர் இளம் பெண் சார்ஜன். சிங்களவர். பொலிஸ் வகுப்பில் தமிழ் படித்தவராம். அதனால் வானொலிச் செய்தி வாசிப்பது போல ஒவ்வொரு எழுத்தாகத் தமிழ் பேசினார்.

மேசையில் வெள்ளைத் துணியை விரித்தார். பிஸ்டலின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மேகசினைக் கழற்றினார், மேல் சிலைடை இழுத்துப் பிடித்து உள்ளே கண்ணால் பார்த்தார், பிறகு சுண்டு விரலை விட்டும் பார்த்தார். காலி என்று துரை சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். ஐந்தும் கறுப்பு. மோந்து பார்த்தார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார், துரையின் சப்பாத்தைப் பார்த்தார்.

ஒரு துணியில் ஏதோ திரவத்தை ஊற்றித் துடைத்தார். இடது பக்கத்தில் என் வெள்ளைத் திட்டு எட்டிப் பார்த்தது. அவர் பிஸ்டலைத் திருப்பி வலது பக்கத்தைத் துடைத்தார். அங்கேயும் ஒரு வெள்ளைத் திட்டு, நகம் அளவுக்கு.

நான் சத்தியமாக வலது பக்கத்தில் பாலிஷ் துணியை வைக்கவில்லை.

சார்ஜன் பிஸ்டலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். "இது வட்டமாகத் தேய்த்த கை. இது நேராகத் தேய்த்த கை. இது துணி. இது மணல் கடதாசி. இரண்டு ஆட்கள்" என்றார். பிறகு, "இடது பக்கத்தைத் தேய்த்தவர் யார்?" என்று கேட்டார்.

வட்டமாகத் தேய்ப்பது கோப்பை துடைத்துப் பழகிய கை. மறைக்க வழியில்லை. அதற்கு மேல் ஒரு நிமிடம் பொய்யைச் சுமக்கவும் எனக்குத் தெம்பில்லை.

"இடது பக்கம் நான் மேடம். பங்களா அப்பு. தொரைக்கு தெரியாது. பித்தள பாலிஷ் போட்டு தேச்சிட்டேன், அப்புறம் சப்பாத்து பாலிஷ் போட்டு மறைச்சேன்" என்றேன். துரையின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு அறை வீட்டின் அடுப்படி மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றது.

சுவரில் மின்விசிறி கிறுகிறு என்று சுற்றியது. துரை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"வலது பக்கம் நான்" என்றார்.

சார்ஜன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். அடுத்து கிடைத்தது சிரிப்பு இல்லை, சரியான ஏச்சு. என் திட்டுக்குப் பக்கத்திலேயே பிஸ்டலின் நம்பர் வெட்டியிருந்தது. எழுத்தெல்லாம் பாலிஷ் அடைத்திருந்ததை ஒரு பல்துலக்கும் புருசால் கிண்டி எடுத்தார். "இன்னும் சிறிது நேரம் தேய்த்திருந்தால் இலக்கம் அழிந்திருக்கும். அப்போது உங்கள் துரை இந்த நாற்காலியில் அமர்ந்திருக்க மாட்டார், உள்ளே அமர்ந்திருப்பார்" என்று என்னிடம் சொன்னார். துரையிடம், "லைசன்ஸ் யாருடைய பெயரில்? அப்புவின் பெயரிலா? இனி இதைத் தொடுகின்ற கை உங்களுடையதாக மட்டும் இருக்க வேண்டும்" என்றார்.

பிறகு எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து, அந்தக் கருநீலத்தைத் தொட்டுக் காட்டினார். "இது அழுக்கு அல்ல. பெயிண்டும் அல்ல. இரும்புக்கு மருந்து போட்டு உண்டாக்கிய தோல். உரித்தால் திரும்ப வளராது."

4. திரும்பும் வழி

துரை ஜீப்பை நேரே தோட்டத்துக்குத் திருப்பினார். மரக்கறி வாங்கவும் மறந்துவிட்டோம். பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையருகே வண்டியை நிறுத்தினார்.

"நான் இன்னைக்கே வீட்ட காலி பண்ணணுமாங்க தொர?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"நீங்க போறதா இருந்தா நானும்தான் அப்பு போகணும்" என்றார்.

போன மாதம் துருவைக் கண்டு பயந்து, தொழிற்சாலையிலிருந்து மணல் கடதாசி வாங்கிவந்து, யாருக்கும் தெரியாமல் உரசியிருக்கிறார். என் சப்பாத்து பாலிஷ் டப்பாவையும் அவர்தான் திறந்திருக்கிறார். எலியை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன். "அப்பா இத ஒரு கீறல் இல்லாம வச்சிருந்தாரு. எங்கிட்ட வந்து ஒரு வருஷம் தாங்கல. வெசாக் லீவுக்கு அம்மா வர்றாங்க. எடுத்து காட்டுன்னு கேப்பாங்க" என்றார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த பிரியம் அதற்கு முன் வந்ததில்லை. நான் துரைக்குப் பயந்த மாதிரியேதான் அவர் தன் அம்மாவுக்குப் பயந்திருக்கிறார்.

"ஒங்க அம்மா கேட்டாங்கன்னா இடது பக்கத்த மொதல்ல காட்டுங்க. பெரிசா கெடுத்தது நான்தானே" என்றேன். துரை சிரித்துவிட்டார்.

5. இரண்டு மேசை

அதற்குப் பிறகு நான் அந்தப் பிஸ்டலைத் தொடவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை துரையே பின்வராந்தாவுக்குக் கொண்டு வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். சார்ஜன் சொன்னது எனக்கு மனப்பாடம். துரைக்குப் பாதி மறந்துவிடும்.

"மேகசின கழட்டியாச்சுங்களா? உள்ள பாருங்க தொர. பாத்தேன்னு சொல்லாதீங்க, திரும்ப பாருங்க."

சிலைடைக் கழற்றியதும் குழலுக்குள் பிரஷ். குண்டு ஏறும் பின்பக்கத்திலிருந்து விட வேண்டும், வாய்ப்பக்கத்திலிருந்து விட்டால் வாய் விளிம்பு தேயும். கழுவும் மருந்தைக் குழலுக்குள் மட்டும், துணியில் தொட்டுப் போட வேண்டும். கைபிடி மரத்தில் பட்டால் மரம் வெளிறும். வெளியே பழைய பனியன் துணி போதும். புளி, சாம்பல், மணல் கடதாசி, பித்தளை பாலிஷ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. சிலைடு ஓடும் தடங்களில் துப்பாக்கி எண்ணெய் ஒவ்வொரு சொட்டு.

"போதுங்க தொர, நீங்க கறி தாளிக்கல."

மேலே எண்ணெய்த் துணியால் ஒரு தடவு, வெறும் விரல் படாமல். கை வியர்வையே நாளைக்குத் துருவாகும். கடைசியில், தோலுறைக்குள் திரும்ப வைக்கக் கூடாது. எங்கள் ஊர் மூடுபனியைத் தோல் குடித்துவைத்து இரும்புக்கு ஊட்டிவிடும். முதல் துரு வந்ததே அப்படித்தான். எண்ணெய்த் துணியில் சுற்றி, பூட்டுப்போட்ட பெட்டியில், ஈரம் ஏறாமல் பல்ப் எரியும் அலுமாரிக்குள் வைத்தோம்.

வெசாக்குக்குத் துரையின் அம்மா வந்தார். பிஸ்டலை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நானும் துரையும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் போல நின்றோம். துரை ஒன்றும் மறைக்காமல் தன் பக்கத்தைச் சொன்னார். நான் என் பக்கத்தைச் சொன்னேன். அந்த அம்மா வெள்ளைத் திட்டில் எண்ணெய் தடவியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இவங்க அப்பா இத ஒரு நாளும் வீட்டுல யாரையும் தொட விடல. கூட சேந்து தப்பு பண்ண ஒரு ஆள் இல்லாம தனியாவே தொடைச்சிக்கிட்டு இருப்பாரு" என்று சொல்லி, பிஸ்டலை மகன் கையில் கொடுத்தார்.

மூன்று வருடமும் முழுசாக வேலை பார்த்து, என் நாளில், என் காலில் நடந்து அந்த வீட்டை விட்டு வந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கறுப்பாக இருப்பதெல்லாம் அழுக்கு இல்லை. தேய்க்கும் முன் கேளுங்கள். தேய்த்துவிட்டீர்களா, பூசி மறைக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். மறுபக்கத்தைத் தேய்த்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

கடைசி நாள் பொறுப்பை ஒப்படைக்கும்போது புது அப்புவிடம் எல்லாச் சாவியையும் கொடுத்தேன். பித்தளை பாலிஷ் டப்பாவை மட்டும் துரை முன்னாலேயே உயரத் தட்டில் வைத்து, "இது தொரைக்கு எட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.