செல்லியம்மாள் இட்ட முடிச்சு

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், இஞ்ஞாசியம்மாளின் தையற்கடையில், ஒரு பிற்பகல் முழுவதும் பாடுபட்டுத் தைத்த பூங்கொடி ஒன்று ஒரே இழுப்பில் காணாமற்போனது. தைத்தவள் கருணாபுரத்துச் செல்லியம்மாள். இழுத்தவர் அவளுக்கு ஆரி என்னும் கொக்கியூசிப் பூவேலை கற்பித்த இஞ்ஞாசியம்மாளே.

கற்க வருபவர்கள் அனைவருக்கும் முதலில் நேரும் தவறுதான் அது. மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, நூலைத் துணிக்கு அடியில் இடக்கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து குத்தும் ஊசியின் முனையில் சிறு கொக்கி உண்டு. அது அடியிலுள்ள நூலைக் கவ்வி, ஒரு கண்ணியாக மேலே கொண்டுவரும். அக்கண்ணிக்குள் அடுத்த கண்ணி, அதனுள் அடுத்தது என்று சங்கிலி நீளும். கடைசிக் கண்ணியை முடிச்சிட்டு அடக்காவிட்டால், நுனியைப் பிடித்து இழுத்தவுடன் தொடக்கம்வரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

"முடிச்சுப் போடாத வேலை வேலையே இல்லமா. இன்னா, அழுவுறியா?"

"அழுவலைங்க டீச்சர். கோவம்."

"யார் மேல?"

"என் மேலதாங்க."

அதன்பின் அவள் இட்ட முடிச்சைப் பல்லால் கடித்தாலும் அசைக்க முடியவில்லை. உடன் பயின்ற பெண்கள் அவளுக்கு 'முடிச்சக்கா' என்றே பெயர் சூட்டிவிட்டனர்.

கல்வராயன் மலையில், கரியாலூரில், கடுக்காய் பொறுக்கி வளர்ந்த விரல்கள் அவை. முனியனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கீழே வந்தபின் அதே விரல்கள் சித்தாள் வேலையில் செங்கல் சுமந்தன. கருணாபுரத்தில் பல வீடுகளைச் சூறையாடிய விஷச் சாராயம் முனியனையும் கொண்டுபோயிற்று. அப்பொழுது ஊரே திரண்டு வந்து அவளுக்காகக் கண்ணீர் வடித்தது. அந்தக் கண்ணீரின் மதிப்பு எவ்வளவு என்பது ஆரிச்சட்டத்தின் முன் அமர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது.

மணலூர்பேட்டையில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த கந்தசாமியின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. முகூர்த்த ரவிக்கையின் இரண்டு கைகளுக்குமான ஆரி வேலையை இஞ்ஞாசியம்மாள் செல்லியம்மாளிடம் ஒப்படைத்தார். கற்றுக்கொண்டிருந்தவளுக்கு அதுவே முதல் கூலி வேலை. அது நன்றாக அமைந்தால் கடையில் நிலையான இடம் தருவதாகவும் சொல்லியிருந்தார். இனிச் செங்கல் சுமக்க வேண்டியதில்லை என்ற எண்ணமே அவளுக்குப் பெரும் பலமாக இருந்தது.

ஊசித்துளையிட்ட தாளை அரக்கு நிறப் பட்டின்மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்ததும், கொடிகள் வெண்புள்ளிகளாய் எழுந்தன. இடக்கைக்குரிய பகுதியை முடித்து முடிச்சிட்டாள். வலக்கைக்குரியதிலும் கடைசி இலை வந்துவிட்டது. அப்பொழுதுதான் இஞ்ஞாசியம்மாள் அவள் தோளைத் தொட்டார்.

"கடைசி முடிச்ச நீ போடாத. பூக்காரக் குஞ்சம்மாளை வரச் சொல்லியிருக்கேன்."

"அவங்களுக்கு ஆரி தெரியுமாங்க?"

"தெரியாது. ஆனா சுமங்கலி. கல்யாண ரவிக்கைக்குக் கடைசி முடிச்சு சுமங்கலி கையாலதான் விழணும்னு வர்றவங்க கேக்கிறாங்க. எனக்கு இதுலலாம் நம்பிக்கை கெடையாதுமா, நான் சர்ச்சுக்குப் போறவ. அவங்க மனசு கோணக்கூடாதுல்ல? கல்யாணக்காரங்க வரும்போது நீ உள்ளாற இருந்துக்கோ."

நம்பிக்கை உள்ளவர்கள் செய்வதையாவது அறியாமை என்று சொல்லி ஒதுக்கலாம். நம்பிக்கையே இல்லாதவர், வாடிக்கை கெடக்கூடாது என்பதற்காக ஒருத்தியை உள்ளறையில் உட்காரவைப்பதற்கு என்ன பெயர் வைப்பது? செல்லியம்மாளின் நாக்கு நுனிவரை அக்கேள்வி வந்தது. வேலை போய்விடுமே என்ற அச்சத்தில் விழுங்கிக்கொண்டு எழுந்தாள்.

கடைவாசலில் பூ விற்கும் குஞ்சம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து அமர்ந்தாள். "எம்மா, இதுல எது தல, எது வாலு? எனக்கு மல்லியும் கனகாம்பரமும்தான் தெரியும்" என்று சிரித்தவள், நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, எதையோ இட்டுவிட்டு, பூக்கூடைக்குத் திரும்பினாள்.

ரவிக்கை தைக்கப்பட்டு மணலூர்பேட்டைக்குப் போயிற்று. சில நாட்களுக்குள் மணப்பெண்ணின் தாய் லட்சுமியம்மாள் கடைக்குள் புயலாய் நுழைந்தாள். ரவிக்கை மேசைமேல் வந்து விழுந்தது. மகள் போட்டுப் பார்த்தபோது வளையலில் நூல் மாட்டி, வலக்கைக் கொடி முழுவதும் உருவிக்கொண்டதாம்.

"நாளான்னைக்கு முகூர்த்தம்! யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா? முடிச்சக்கா கைவேலைன்னு உங்க பூக்காரியே பெருமையா சொன்னா. யாரு அந்த முடிச்சக்கான்னு விசாரிச்சேன். தாலியறுத்தவளாமே! அவ கை பட்டா எப்படிங்க வெளங்கும்?"

உள்ளறையிலிருந்து செல்லியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் இப்பொழுது உண்மையைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தாள்.

"புதுசா கத்துக்கினு இருக்கிறவங்க. முடிச்சு சரியா விழல போலருக்குங்க" என்றார் இஞ்ஞாசியம்மாள்.

அவ்வளவுதான். செல்லியம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"டீச்சர், அந்த முடிச்சு என்னுதா?"

இஞ்ஞாசியம்மாள் தலைகுனிந்து கத்தரிக்கோலைத் தேடினார்.

"தாலி போனவதாங்க நான். இல்லன்னு சொல்லல. ஆனா வேலை தெரியாதவன்னு யாரும் சொல்லக் கூடாது" என்று சொல்லி, செல்லியம்மாள் ரவிக்கையின் இடக்கையை லட்சுமியம்மாளின் முன் நீட்டினாள். "இது தொடக்கத்துலேருந்து முடிவுவரைக்கும் என் கை. நுனியப் புடிச்சு இழுங்க. கூசாதீங்க, இழுங்க!"

லட்சுமியம்மாள் இழுத்தாள். நகத்தால் நெம்பினாள். பட்டுத்தான் சுருங்கிற்று, முடிச்சு அசையவில்லை.

வாசலிலிருந்த குஞ்சம்மாள் எழுந்து உள்ளே வந்தாள். "ஐயோ, அந்தக் கை முடிச்சு நான் போட்டதுமா. பூக்கட்டுற சுருக்குத்தான் போட்டேன். பூவுக்குக் காம்பு இருக்கும், சுருக்கு நிக்கும். இதுல காம்பு எங்க இருக்குது? யாரும் சொல்லலியே எனக்கு!"

லட்சுமியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி வுடு. மறுபடி போட்டுக் குடு. கடைசி முடிச்சுக்கு மட்டும் விவரம் தெரிஞ்ச சுமங்கலியா ஒருத்திய..."

"அப்ப முழுசும் அவங்களே போடட்டும்!" செல்லியம்மாளின் குரல் சந்துவரை கேட்டது. "கொடி பூரா என் கை வேணும், முடிச்சுக்கு மட்டும் என் கை வேணாமா? நான் போடறேன். இந்த வாசல்ல உக்காந்து போடறேன். முடிச்சும் நான்தான் போடுவேன். நீங்க இருந்து பாக்கணும். முடியாதுன்னா ரவிக்கைய எடுத்துக்கினு போய்க்கினே இருங்க."

லட்சுமியம்மாள் இஞ்ஞாசியம்மாளைப் பார்த்தாள். "அவளை வுட்டா இத முடிக்க எங்கிட்ட ஆள் இல்லைங்க" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. உண்மை அவர் வாயிலிருந்து அந்த வடிவத்தில்தான் வெளிவந்தது.

செல்லியம்மாள் சட்டத்தைத் தானே வாசலுக்கு இழுத்துப் போட்டாள். ரவிக்கைக் கையின் தையலைப் பிரித்துச் சட்டத்தில் கட்டினாள். சந்தில் போவோரும் வருவோரும் நின்று பார்த்தனர். அந்தி சாயும்வரை கொடி மீண்டும் படர்ந்தது. லட்சுமியம்மாள் நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

கடைசிக் கண்ணி வந்ததும் செல்லியம்மாள் ஊசியை நிறுத்தினாள்.

"இங்க பாருங்க."

வேறு வழியின்றி லட்சுமியம்மாள் திரும்பினாள். முடிச்சு விழுந்தது. ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் செல்லியம்மாள் நூலை நறுக்கினாள்.

கையை மீண்டும் தைத்துச் சேர்த்த ரவிக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டே லட்சுமியம்மாள் கிசுகிசுத்தாள். "நல்லாத்தான் கீது. ஆனா நீதான் போட்டேன்னு வெளிய சொல்லிக்காதமா. கல்யாண வூடு."

"சொல்லுவேங்க" என்றாள் செல்லியம்மாள். "யார் கேட்டாலும் சொல்லுவேன். என் வேலைய நான் சொல்லாம வேற யார் சொல்லப்போறாங்க?"

லட்சுமியம்மாள் படியிறங்கினாள். சட்டத்தை உள்ளே எடுத்துவைக்கலாமா என்று இஞ்ஞாசியம்மாள் மெல்லக் கேட்டார்.

"இங்கியே கெடக்கட்டும் டீச்சர். நாளைக்கும் நான் இங்கதான் உக்காருவேன்."