என் சடையை நானே பின்ன

அம்மா இறந்த துக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே தாழ்வாக இருக்கும். காலண்டர் இடுப்பு உயரத்தில் தொங்கும். சர்க்கரை டப்பா, மிளகாய்த்தூள், சாமி படம் எல்லாம் கீழ்த்தட்டில். சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஏன் இப்படி என்று கேட்டார்கள்.  எனக்காக அம்மா செய்தது அது.

எனக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. இடது பக்கம், தோளுக்குக் கொஞ்சம் கீழே, தோலுக்கு அடியில் தடவினால் தீப்பெட்டி மாதிரி தெரியும். பிறவியிலேயே எனக்கு இதயத் துடிப்பு மெதுவு. அடிக்கடி மயங்கி விழுவேன், அதனால் எட்டாவதோடு படிப்பு நின்றது. அப்புறம் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து இதை வைத்தார்கள். இதயத்துக்குப் போகிற ஒயர் நகரக்கூடாது, கொஞ்ச நாளைக்கு இடது கையைத் தோளுக்கு மேலே தூக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தக் கொஞ்ச நாளை அம்மா முடியவே விடவில்லை.

கொடியில் துணி போட விடமாட்டாள். இடது பக்கம் புரண்டு படுத்தால் எழுப்பி வலது பக்கம் திருப்பிவிடுவாள். காலையில் என்னைக் கீழே உட்கார வைத்து அவளே தலை வாரிப் பின்னுவாள்.

"ஆடாம உக்காருடி. உள்ள இருக்கிற ஒயரு பிடுங்கிக்கினா நான் எங்க போவேன்?"

"நீ இழுக்கிற இழுப்புல முடிதான் பிடுங்கிக்கும்."

"வாய் மட்டும் நல்லா ஓடுது. அதுக்கு ஒரு மெஷின் வச்சா தேவலை."

எனக்கு முதுகுவலி அப்போதே வந்துவிட்டது. மந்தாரக்குப்பத்தில் ஒரு தையல் கடையில் புடவைக்கு ஓரம் அடிக்கிற வேலை எனக்கு. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வலது பக்கமே சாய்ந்து தைப்பேன். சாயந்திரம் எழுந்தால் இடுப்பு நிமிராது. அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டு, இன்னும் ஆடாமல் படு என்பாள்.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்து அம்மாவே போய்விட்டாள். என் நெஞ்சைக் காவல் காத்தவள், தன் காய்ச்சலை யாரிடமும் சொல்லாமல் சமைத்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்தும் என் தலையில் சிக்கு அப்படியே இருந்தது. அப்பா ஒருநாள் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியை மண்வெட்டியால் வாரிப் போடுவார்.

"ஏம்பா, இது சடையா, தாம்புக்கயிறா?"

"கரி வாரிக்கினு இருக்கிறவன்கிட்ட சடை பின்னச் சொன்னா இப்படித்தான் வரும். ஆடாத."

அம்மாவின் அதே வார்த்தை. 

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"வெட்டிடலாம்டி. உங்கப்பன் ஷிப்டுக்குப் போவானா, உனக்கு வாரிவுட்டுகினு இருப்பானா? இடுப்பளவு முடிய வச்சிகினு என்னா பண்ணப்போற?"

"எங்கம்மா வளத்த முடி அத்தை. வெட்ட மாட்டேன்."

"அப்போ நீயே பின்னிக்கோ. ஆவணியில வருவேன். அதுக்குள்ள பின்னிக்கினா சரி. இல்லாட்டி நான் வெட்றதுதான்."

கத்தரிக்கோலை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். அந்தத் தட்டில் அம்மா எதையுமே வைத்ததில்லை. அம்மாவின் கை பட்டதில் மிச்சம் இருப்பது இந்த முடிதான் என்று எனக்குத் தோன்றியது. யாரையும் தொட விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆனால் உட்காரவே முடியாத முதுகை வைத்துக்கொண்டு என்ன பின்னுவது? பக்கத்து வீட்டு அக்கா, கரண்ட் வைத்தால் வலி போய்விடும் என்று ஒரு பிசியோதெரபி இடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பிசியோதெரபி மேடம் ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டே, உடம்பில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பேஸ்மேக்கர் என்றதும் ஒயரைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லவேளை சொன்னியே. இந்தக் கரண்ட்டு உனக்கு வேணாம்மா. பேஸ்மேக்கரைக் குழப்பிடும். சரி, இடது கையைத் தூக்கு பாக்கலாம்."

"தூக்கக்கூடாதுங்க."

"எவ்ளோ நாளா தூக்கல?"

"வச்சதிலேர்ந்துங்க. ரெண்டு வருஷம் ஆவுது."

"யாரு சொன்னாங்க?"

"எங்கம்மா."

மேடம் ஒயரைச் சுருட்டி வைத்தார். முதலில் பாண்டிச்சேரி டாக்டரைப் பார்த்துவிட்டு வா, அவர் சரி என்றால் பயிற்சி சொல்லித் தருகிறேன் என்றார்.

டாக்டர் கருவியை வைத்துச் சோதித்தார். ஒயர் உறுதியாக இருக்கிறது என்றார். கையை அசைக்காமலே வைத்திருந்ததில்தான் தோள் இறுகிப்போய், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து முதுகு வலிக்கிறது, மெதுவாகப் பயிற்சி செய்யலாம் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். ஏம்மா இப்படிப் பண்ணினே என்று கேட்க வேண்டும்போல இருந்தது. செத்தவளிடம் எப்படிச் சண்டை போடுவது? இப்போதும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

மேடம் சொல்லித் தந்தது எல்லாம் சின்னச் சின்னப் பயிற்சிதான். மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுப் பக்கம் கொண்டுவருவது. நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக இரண்டு பக்கமும் திரும்புவது. சுவரில் இடது கை விரல்களை எறும்பு மாதிரி ஏற்றுவது. வெடுக்கென்று இழுக்கக்கூடாது, கம்பியில் தொங்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேஸ்மேக்கர் இடத்தில் சுருக்கென்றாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

முதல் நாள் என் விரல் காலண்டர் ஆணியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் பயத்தில் உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து, துணியில் குறி போடுகிற சாக்கட்டியால் விரல் தொட்ட இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

தினமும் கோடு மேலே போகவில்லை. சில நாள் பழைய கோட்டைக்கூடத் தொட முடியாது. ஒருநாள் அவசரப்பட்டுத் தோளை இழுத்துவிட்டு, சில நாள் கை வலியோடு கிடந்தேன்.

"போதும்டா கண்ணு. முடி போனா போவுது, வளரும்" என்றார் அப்பா.

"நீ ஷிப்டுக்குப் போப்பா."

மறுபடி கீழ்க்கோட்டிலிருந்து ஆரம்பித்தேன். தையல் கடையில் நடுநடுவே எழுந்து நின்றேன். முதலாளி முறைத்தார், முறைக்கட்டும் என்று விட்டேன்.

ஆவணியில் அத்தை வந்தாள். வாசலிலேயே என்னைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தாள்.

"யாரு பின்னுனது? வகிடும் கோணை, சடையும் கோணை."

"நான்தான்."

"இதுக்கு உங்கப்பன் பின்னுனதே தேவலை. கத்தரிக்கோலு எங்கடி?"

 அலமாரிக்குப் போய், இடது கையை மெதுவாக மேல்தட்டு வரைக்கும் தூக்கி, கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன். தோள் இழுத்தது. அத்தை கத்தரிக்கோலைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பைக்குள்ளிருந்து கனகாம்பரப் பந்தை எடுத்து ஒரு முழம் அளந்து அந்தக் கத்தரிக்கோலால் வெட்டினாள்.

"உக்காரு, வச்சிவுடறேன்."

"குடு அத்தை. நானே வச்சிக்கிறேன்."