டெல்லி ஆர்டரும் எங்கள் கூடத்து சோலார் பேனல்களும்

என் கணவர் வளைகுடாப் பாலைவனங்களில் சோலார் பேனல் மாட்டும் வேலையில் இருந்தவர். எங்கள் மகள் அவர் மடியில் இருந்ததைவிட அவர் போனில் இருந்ததுதான் அதிகம். போதும் என்று ஒரு நோன்புப் பெருநாளுக்கு வந்தவர் திரும்பிப் போகாமல் காரைக்காலிலேயே கடை போட்டார். வீட்டு மாடிகளில் சோலார் பொருத்திக் கொடுக்கும் கடை. கடை நின்றால் அவர் இங்கே இருப்பார், படுத்தால் மறுபடி விமானம் ஏறுவார். இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் நாங்கள் புதுச்சேரி. பெட்ரோல் விலை வேறு, சாராய விலை வேறு, மழை லீவுகூட வேறு. அதனால் செய்தியில் எந்தச் சட்டத்தைச் சொன்னாலும் "அது அவங்களுக்கு" என்று சேனலை மாற்றிவிடுவோம். நமக்கென்று உத்தரவு வரும், ஆனால் மெதுவாக வரும் என்று ஒரு தைரியம். அரசு மானியம் வேண்டுமென்றால் பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் செல்கூட இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்று அறிவித்தபோதும் அந்தத் தைரியம்தான் பேசியது.

"ஆர்டரு புதுச்சேரிக்கு வந்து, அங்கேருந்து காரைக்காலுக்கு வர்றதுக்குள்ள நான் எல்லாத்தையும் மாட்டி முடிச்சிருவேன் புள்ள" என்றார் என் கணவர். கடைக்கு வரும் எலெக்ட்ரீஷியன்களும் அதையேதான் சொன்னார்கள். தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கிய சீனப் பேனல்களை வரவழைத்தார். புது வகை, பின்பக்கமும் வெளிச்சத்தை வாங்கி மின்சாரமாக்கும். பாலைவனத்தில் அவர் கையால் மாட்டிய அதே கம்பெனி. கீழவாஞ்சூரில் துறைமுகத்து நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் சிக்கி, கறுப்புத் தூசியோடு வந்து சேர்ந்தன. நான்தான் ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

முதல் வேலை நெடுங்காட்டில், ஒரு வாத்தியார் வீட்டு மாடியில். வாடிக்கையாளர்களிடம் பேசுவது என் பொறுப்பு என்பதால் நானும் போயிருந்தேன். சோதனைக்கு வந்த மின்துறை அதிகாரி குனிந்து பேனலின் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படித்தார். போனில் படம் எடுத்தார். எதையோ தேடினார். என் கணவர் இரண்டு உள்ளங்கைகளையும் பேண்டில் துடைத்துக்கொண்டே நின்றார். மாடித் தரை சுட்டது, யாரும் நிழலுக்கு நகரவில்லை.

"இது எந்த நாட்டு செல்லுங்க?"

"சீனா சார். நல்ல பேனல். அங்க நானே ஆயிரக்கணக்குல மாட்டிருக்கேன்."

"நல்லா இல்லன்னு சொல்லலீங்க. மானியத்துக்கு ஆவாது."

"புதுச்சேரி ஆர்டர் இன்னும் வரலியே சார்?"

"இது டெல்லி ஆர்டருங்க. அவங்களுக்குப் புதுச்சேரியும் ஒண்ணுதான், நாகப்பட்டினமும் ஒண்ணுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேல அடிக்கிற வெயிலு எந்த நாட்டு வெயிலுன்னும் பாப்பீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் என்னம்மா பண்றது?" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாத்தியார்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "மானியம் இல்லன்னா எனக்குக் கட்டுப்படியாவாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, கழட்டிருங்க" என்றார். என் கணவர் ஸ்பேனரை எடுத்தார்.

செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மொத்த வியாபாரிகளிடம் உள்நாட்டுப் பேனல் கேட்டால், பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்தது போகத்தான் சின்னக் கடைகளுக்கு என்றார்கள். எங்கள் பேனல்கள் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. அதற்குள் வெளிநாட்டில் அதைவிடப் புதிய வகை வந்துவிட்டது, பழையதின் விலை சரிந்துகொண்டே போனது. தக்காளிகூட இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது.

அப்புறம் வெளிநாட்டு நம்பரிலிருந்து அவருக்குப் போன் வர ஆரம்பித்தது. எடுத்ததும் மாடிக்குப் போய்விடுவார். நான் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன், ஒன்றும் கேட்காது. இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிப்பார். ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"பழைய ஃபோர்மேன்தான்" என்றார். "பெரிய சைட்டாம். ஒவ்வொரு நாடா சீனா சரக்குக்குக் கதவ சாத்துறதுல அதெல்லாம் அங்க வந்து குவியுதாம். மாட்டறதுக்கு ஆளு பத்தலயாம்."

"எந்தக் கம்பெனி பேனலு?"

கூடத்துச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். "இதே கம்பெனிதான்."

எங்கள் ஊர் மாடியில் ஏற முடியாத பேனல் அங்கே போய் இறங்குகிறது. போகிற போக்கில் என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

"வேணான்னு சொல்லிருங்க மச்சான்."

"சொல்லிட்டு?"

அடுத்த வாரம் கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் ஒருவர், மானியமும் வேண்டாம், மின்துறை லைனும் வேண்டாம், பகலில் குட்டைக்குக் காற்றடிக்க மோட்டார் ஓடினால் போதும் என்று அடிமாட்டு விலைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அதைப் பொருத்திக் கொடுத்த கையோடு இவர் பெட்டியைக் கட்டினார்.

திருச்சி விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது கார் டிரைவர் பேச்சுக் கொடுத்தார். மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சார் என்ன வேலைங்க அங்க?"

"சோலாரு."

"அப்படிங்களா! எந் தம்பியும் அதுக்குத்தாங்க போறதா இருந்தான், விசாகூட வந்துருச்சு. இப்ப உள்நாட்டு சரக்குதான் மாட்டணும்னு சட்டம் போட்டாங்கல்ல, தெக்க புதுசா செல் ஃபேக்டரி தொறந்து இவனை எடுத்துக்கிட்டாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுறான். அவன் பொஞ்சாதியக் கையில புடிக்க முடியல."

"நல்லா இருக்கட்டுங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நம் நாட்டில் செய்ய வேண்டியதை நம் நாட்டில் செய்வதுதானே சரி? ஆனால் முகம் தெரியாத அந்தப் பெண் மீது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.