பிரேக் போடத் தெரிந்தவன்தான் பாய்லர் போடலாம்

இங்கிலாந்தின் கீத்லி ஊரில் தெல்மா சக்டனுக்காக நிற்காத வண்டி கிடையாது, ஒன்றைத் தவிர. மேட்டுத் தெரு ஆரம்பப் பள்ளிக்கு எதிரே, மஞ்சள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, நீளக் கம்பின் நுனியில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகையைப் பிடித்தபடி அவள் நடுச்சாலையில் இறங்கினால் இறைச்சி லாரியும் நிற்கும், சவ ஊர்தியும் நிற்கும். ஒருமுறை மேயருடைய காரை நிறுத்திவைத்து, ஒரு பிள்ளை அவிழ்ந்த ஷூ கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை அனுப்பவில்லை.

பிள்ளைகளைச் சாலை தாண்டவிடுகிற இந்த வேலையில் அவள் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டாள். ஊரில் யார் எப்படிப்பட்டவர் என்பதை அவரவர் பிரேக் போடுகிற விதத்தை வைத்தே எடைபோடுவாள். பல் டாக்டர் கடைசி நொடியில் டயர் கிறீச்சிட நிறுத்துவதைப் பார்த்துவிட்டு வேறு டாக்டரிடம் மாறிவிட்டாள். பாதிரியார் நின்ற மாதிரி காட்டிக்கொண்டு காரை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். அவர் பிரசங்கமும் அப்படித்தான், முடிந்த மாதிரி இருக்கும், முடியாது.

அப்படிப்பட்டவள் வீட்டு பாய்லர் நவம்பர் மாதத்தில் நின்றுபோனது.

சமையலறை அலமாரிக்குள் இருந்த அந்தக் கிழ கேஸ் பாய்லர்தான் அறைகளைக் கதகதப்பாக வைக்கிற ரேடியேட்டர்களையும் குளிக்கிற தண்ணீரையும் சூடாக்கி வந்தது. கொஞ்ச காலமாகவே அதன் பக்கவாட்டில் செருப்பால் ஒரு தட்டு தட்டினால்தான் எரியும். தட்டுகிற இடம் அவள் கணவர் டெஸ்மண்டுக்கு மட்டும்தான் தெரியும். அன்று காலை அவர் தட்டினார், பலமாகத் தட்டினார், மறு செருப்பாலும் தட்டினார். உள்ளே ஏதோ உடைந்து விழுந்த சத்தம் கேட்டது. தரையில் தண்ணீர் ஓடியது. இனி இதற்கு உதிரிப் பாகமே கிடைக்காது என்று பழுது பார்க்க வந்தவர் கையை விரித்துவிட்டுப் போனார்.

டெஸ்மண்டுக்கு உள்ளூர சந்தோஷம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், பொழுது போகாமல் பாய்லர்களைப் பற்றியே ஒரு வருஷமாகக் கணினியில் படித்துக்கொண்டிருந்தார். வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் அனுப்புகிற ஹீட் பம்ப் மேல் அவருக்கு ஒரு கண். வெளிக்காற்றிலேயே சூடு இல்லையே, அது எதை உறிஞ்சும் என்று தெல்மா கேட்டாள். இருக்கிறது, உனக்குத் தெரியாது என்றார். கோட்டு மேல் கோட்டு போட்டுக்கொண்டு, அதற்கு மேல் மனைவியின் பூப்போட்ட அங்கியையும் சுற்றிக்கொண்டு அவர் இதை விளக்கியபோது, பேச்சோடு பேச்சாக வாயிலிருந்து புகையும் வந்தது.

குளிப்பதற்கு இருவரும் தெல்மாவின் தங்கை ஈனிட் வீட்டுக்குப் போனார்கள். ஈனிட் காசு எதுவும் கேட்கவில்லை. டெனரீஃப் தீவுக்குப் போய்வந்த கதையைத்தான் கேட்கவைத்தாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு, குளிக்காமலே இருந்துவிடலாமா என்று டெஸ்மண்ட் யோசித்தார்.

முதலில் வந்தவன் ஒரு பெரிய கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. வாசனை தூக்கலாக இருந்தது. காரின் இரண்டு சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றி நிறுத்தியிருந்தான். தெல்மா கதவைத் திறந்ததும் வணக்கம் சொல்லாமல் வண்டியை இறக்கச் சொன்னாள். இறக்கிவிட்டு வந்தவன், எதைக் கேட்டாலும் “நல்ல கேள்வி” என்றான். தேநீருக்குச் சர்க்கரை போடவா என்று கேட்டதற்கும் அதையே சொன்னான். ஹீட் பம்ப் நல்லதா என்று டெஸ்மண்ட் கேட்க, ரொம்ப நல்லது என்றான். எங்களுக்கு வேண்டாம் என்று தெல்மா சொல்ல, அதுவும் சரிதான் என்றான். கடைசியில், தண்ணீர்த் தொட்டியே வேண்டாம், குழாயைத் திறந்ததும் அப்போதைக்கப்போது சூடாக்கித் தருகிற ‘காம்பி’ பாய்லர்தான் உங்களுக்கு என்று முடித்தான். டெனரீஃபில் இருந்துகொண்டேகூட போனில் வீட்டைச் சூடாக்கலாம் என்றான். அந்த ஊர்ப் பேரைக் கேட்டதுமே இருவரும் எழுந்துவிட்டார்கள்.

தெல்மாவின் மனதில் ஏற்கனவே ஒருவர் இருந்தார். நெவில் பூத்ராய்ட். அவருடைய வெள்ளை வேன், தெல்மா நடைபாதையிலிருந்து இறங்குவதற்கு முன்பே நின்றுவிடும். ஒருநாள் அவள் மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கியதற்கே நின்றார். அவளைப் பொறுத்தவரை அவர் மகான்.

நெவில் வந்தார். ஷூவைக் கழற்றி வைத்தார். ஒவ்வொரு ரேடியேட்டராக அளந்தார். மறுநாள் திரும்பி வந்து, அளவு நாடா மேல் சந்தேகமாக இருக்கிறதென்று வேறு நாடாவால் அளந்தார். காம்பி போடலாம், தொட்டி வைத்துப் போடலாம், ஹீட் பம்பும் போடலாம், ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவர்களையே கேட்டார். இஞ்சி கேக்கில் மூன்று துண்டு சாப்பிட்டார். நாலாவதை எடுக்கலாமா வேண்டாமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாக யோசித்து பிப்ரவரியில் சொல்கிறேன் என்று கிளம்பினார்.

“அந்த ஆளுக்கு நிக்க மட்டும்தான் தெரியுது, தெல்மா,” என்றார் டெஸ்மண்ட். “கிளம்பத் தெரியல.”

தெல்மா மிச்சக் கேக்கை டப்பாவில் போட்டு மூடினாள்.

அதற்கப்புறம் டெஸ்மண்ட் மனைவியைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். அவர் வாசிக்கிற பித்தளை வாத்தியக் குழுவில் பாதிப் பேர் வீட்டில் பாய்லர் மாட்டியவன் ஒருவன் இருந்தான். அவனை வரச்சொன்னார். சனிக்கிழமை காலை மணி அடித்தது. தெல்மா கதவைத் திறந்தாள். வாசலில் கிரெய்க் ஹாய்ல்.

அவளுக்காக நிற்காத அந்த ஒரே வண்டி இவனுடையதுதான். போன வருஷம் அவள் நடுச்சாலையில் பலகையோடு நின்றபோதே பக்கவாட்டில் சீறிக்கொண்டு போனான். அவள் வண்டி எண்ணைப் போலீஸில் கொடுத்தாள். அவனுக்கு அபராதம் விழுந்தது, லைசென்ஸிலும் தண்டனைப் புள்ளி ஏறியது. சின்ன வயதில் அவனைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவிட்டதும் அவள்தான். அப்போதும் உருவிக்கொண்டு ஓடுவான்.

“நீங்களா?” என்றான் கிரெய்க்.

“நான்தான். மிதியடியில காலைத் துடைச்சுட்டு வா.”

“உங்களால எனக்கு மூணு புள்ளி, மிஸஸ் சக்டன்.”

“என்னால இல்ல. உன் வலது காலால.”

டெஸ்மண்ட் அவசரமாகத் தேநீர் போடப் போய்விட்டார்.

கிரெய்க் பாய்லரைப் பார்க்கவே இல்லை. நேரே சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்தான். டெஸ்மண்டை மாடிக்கு அனுப்பிக் குளியல் தொட்டிக் குழாயையும் திறக்கச் சொன்னான். கீழே கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நூலாக இளைத்தது. இந்த மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் அழுத்தம் போதாது, அதனால் காம்பி சரிப்படாது என்றான்.

“நான் அதைப் போட்டா இன்னிக்கே காசு வாங்கிட்டுப் போயிடுவேன். ஆனா நீங்க மேல குளிக்கறப்ப இவர் கீழ கெட்டில் ரொப்பினா, உங்க தலையில பச்சைத் தண்ணி விழும். அப்புறம் அதுக்கும் போலீஸுக்குப் போவீங்க.”

மாடி அலமாரியில் சுடுதண்ணீர்த் தொட்டியும், அதற்கேற்ற புது பாய்லரும் போதும் என்பது அவன் கணக்கு. ஹீட் பம்ப் பற்றி டெஸ்மண்ட் விடாமல் கேட்டார். அது அவன் செய்கிற வேலை இல்லை, செய்கிறவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம் என்றான். எதற்கும் முதலில் ஜன்னல் சந்துகளை அடையுங்கள், திரைச்சீலை தானாக ஆடுகிறது என்று காட்டினான். டெஸ்மண்ட் திரைச்சீலையைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

அவன் போன பிறகு சாப்பாட்டு மேசையில் சண்டை. பிள்ளைகளுக்கு நிற்காதவன் கேஸ் குழாயை மட்டும் மதிப்பானா என்று தெல்மா கேட்டாள். நம்மிடம் பொய் சொல்லாமல் போனவன் இவன் ஒருவன்தான் என்றார் டெஸ்மண்ட். நெவிலும் பொய் சொல்லவில்லையே என்றாள். அவர் எதையுமே சொல்லவில்லை என்றார். தெல்மா தட்டிலிருந்த மீனைப் பார்த்தாள். அதற்குள் ஆறி விறைத்திருந்தது. வரச்சொல், ஆனால் வேலை முடிகிறவரை நான் கூடவே இருப்பேன் என்றாள்.

அப்படியே இருந்தாள். சமையலறையில் ஸ்டூல் போட்டு, கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்து, கேஸ் வேலைக்கான அவன் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கவிட்டாள். அவனிடம் தப்புக் கண்டுபிடிக்கக் காத்திருந்தவளுக்கு ஏமாற்றம். அவன் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு இணைப்பையும் முடித்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, மறுபடி கிட்டே போய்த் தடவிப் பார்த்தான். ஒரு குழாய் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறதென்று கழற்றி மறுபடி போட்டான். யார் கண்ணிலும் படாத, அலமாரிக்குப் பின்னால் போகிற குழாய் அது.

மதியத்துக்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

“இவ்வளவு நிதானம் உனக்கு ரோட்டுல எங்க போயிடுது, கிரெய்க்?”

அவன் திரும்பாமலே சொன்னான். “இப்படிப் பண்ணினா ஒவ்வொரு வீட்டுலயும் நேரம் ஆயிடுது, மிஸஸ் சக்டன். அடுத்த வீட்டுக்குப் போற வழியில அதைப் பிடிக்கறேன்.”

தெல்மா யோசித்தாள். சொல்ல வேண்டிய ஒன்றிரண்டு வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அவன் தலை பாய்லருக்குள் இருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, இஞ்சி கேக்கை வெட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் ரேடியேட்டர்கள் டக் டக் என்று முனகிச் சூடேறின. டெஸ்மண்ட் அங்கியைக் கழற்றினார், ஒரு கோட்டைக் கழற்றினார், இன்னொன்றையும் கழற்றினார். வெகுநாளைக்குப் பிறகு தெல்மா தன் கணவரின் உருவத்தைப் பார்த்தாள், கொஞ்சம் இளைத்திருப்பதாகப்பட்டது. மாடிக்குப் போய்க் குளியல் தொட்டி நிரம்பத் தண்ணீர் பிடித்து இறங்கினாள். கழுத்துவரை சுடுதண்ணீர் ஏறியபோது கண் தானாக மூடிக்கொண்டது. இடையில் கீழே டெஸ்மண்ட் வேண்டுமென்றே சமையலறைக் குழாயைத் திறப்பது கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. விரல்கள் சுருங்கும்வரை கிடந்தாள். உயிரோடு இருக்கிறாயா என்று அவர் கதவைத் தட்டினார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கு எதிரே கிரெய்க்கின் வேன் வந்தது. நின்றது. முன் சக்கரம் ரோட்டில் போட்டிருந்த நிறுத்தக் கோட்டைத் தாண்டித்தான் இருந்தது. அவள் கம்பின் அடியால் கோட்டைத் தட்டிக் காட்டினாள். அவன் கண்ணாடிக்குள்ளிருந்து மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டான். பிள்ளைகள் தாண்டிப் போனார்கள்.

அந்த வாரமே ஈனிட் போன் செய்தாள். அவள் வீட்டு பாய்லரிலும் ஏதோ கரகரவென்று சத்தம் வருகிறதாம், உங்களுக்குப் போட்டவன் எப்படி என்று கேட்டாள். தெல்மா வாயார நல்ல வார்த்தை சொன்னாள். யோக்கியன், சுத்தமான வேலை, ஏமாற்ற மாட்டான், கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம் என்று நம்பரையும் கொடுத்தாள். பிறகு ஞாபகம் வந்தவளாகக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு சொல்றேன், ஈனிட். சாமான் வாங்கக் கடைக்கு அவன் வேன்ல ஏறச் சொன்னா, நீ பஸ்ஸுல போ.”