மூன்றாவது முறை தந்த பதினோரு மரபணுக்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஆகஸ்ட் மாதம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். நலமாக இருப்பவர்களோடு ஒப்பிட்டால், ஆறாத புண் உள்ள சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் பதினோரு மரபணுக்கள் மாறுபட்டு இயங்குகின்றன என்று எங்கள் கட்டுரை வெளிவந்திருந்தது. கணக்கு முழுவதும் நான் போட்டது.

வியாழக்கிழமை மதியம், முன்பின் தெரியாத ஆய்வாளர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். எங்கள் தரவை வேறு முறையில் சமன்படுத்தினால் ஒரு மரபணுகூட மிஞ்சவில்லை, நான் செய்த படிகளைத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார். அந்தப் பணிவுதான் பயமுறுத்தியது.

மரபணுக்களின் இயக்கத்தை அளக்கும் கருவி தரும் எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. கருவியால் வரும் ஏற்றத்தாழ்வை முதலில் சமன்படுத்தி நீக்க வேண்டும். அதற்குப் பல முறைகள். எது சரி என்பதில் எங்கள் துறையில் ஓயாத சண்டை. நான் மூன்றைச் செய்து பார்த்திருந்தேன். இரண்டில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் பதினொன்று வந்தது. மற்ற இரண்டையும் அழித்துவிட்டேன். அது யாருக்கும் தெரியாது.

கருவியை இயக்கும், ஆவடி பக்கம் சேக்காட்டிலிருந்து வரும் ஊழியர் என்னைப் பார்த்துவிட்டு, “இன்னா மேடம், மூஞ்சி பேயறைஞ்சாப்ல கீது?” என்றார்.

“எல்லா ரத்தமும் ஒரே நாள்லதானே ஓட்டினீங்க?”

“எங்க? பேஷண்ட்துதான் மொதல்ல. அப்பால மெசினு மக்கர் பண்ணிகினு படுத்துக்கிச்சு. நல்லா கீறவங்களுது ரிப்பேர் முடிஞ்சப்பறம்தான். நோட்ல எழுதி வெச்சனே, பாக்கலியா?”

பார்க்கவில்லை. நான் கண்டுபிடித்தது நோயை அல்ல, பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் கருவி எப்படி இருந்தது என்பதை.

அன்று மாலை பட்டாபிராம் போகும் ரயிலில் கைபேசியில் பதில் எழுதினேன்: ‘முறை வேறு, அதனால் முடிவும் வேறு.’ யாரும் தப்பு சொல்ல முடியாத பதில். வேலை போகாது, மோசடிக்காரி என்ற பெயரும் வராது. ஆவடி தாண்டும்வரை அனுப்பும் பொத்தானின் மேலேயே விரலை வைத்திருந்தேன். அனுப்பவில்லை.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டுரையைத் திரையில் திறந்தார்.

“மத்த ரெண்டு கணக்கும் எங்க?”

“அழிச்சிட்டேன் சார்.”

“அந்த ஆய்வாளருக்கு அழிச்சதையும் சேர்த்து எழுதும்மா. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கலாம். என் பேரும் அதுல இருக்கு.”

வேலை போகவில்லை. ஆனால் இன்றும் கணக்கில் எதிர்பார்த்த விடை அழகாக வந்து நிற்கும்போது, மகிழ்ச்சிக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வருகிறது. அந்தப் பயம் போய்விடக் கூடாது என்றே நினைக்கிறேன்.