சாவியை வாங்கிய கை

1. சனிக்கிழமை வரிசை

பெப்ரவரிப் பள்ளி விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை என்றால் காலை எட்டு மணிக்கே எங்கள் கடை வாசலில் வரிசை நிற்கும். கார் வாடகைக்கு விடும் கடை. பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரலாம், லா ஷப்பல் தமிழ்க் கடைகளுக்கும் அதே தூரம்தான். அங்கே கவுண்டருக்குப் பின்னால் இருபத்தொரு வருடம் நின்று, போன வருடம் ஓய்வு பெற்றேன்.

மலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அவசரம். ஸ்கீ சப்பாத்து, ஹெல்மெட், பாண், குழந்தை, குழந்தையின் பொம்மை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாங்கள் நீட்டும் பதினாறு பக்க ஒப்பந்தத்தில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்கள். கையெழுத்து வைக்கிற இடம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்கீ விடுமுறைக்குக் கார் எடுக்கிறவர்கள் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதித் தரும்படி, இந்த வேலைக்குப் புதிதாக வந்த இருவர் கேட்டார்கள். எழுதுகிறேன். நான் சறுக்கிய இடத்தை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்க் கணக்கு. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் அப்படி ஒரு சனிக்கிழமை மதி வந்தான். வன்னியிலிருந்து வந்தவன், உணவகச் சமையலறையில் வேலை, குடும்பத்தோடு கார்ஜ் என்ற புறநகரில் வீடு. அவனுடைய மகள் ஆரணிக்கு அப்போது ஒன்பது வயது. அவள் வகுப்பில் பாதிப் பேர் ஒவ்வொரு பெப்ரவரியும் மலைக்குப் போய்வந்து கதை அளப்பார்களாம். இவளும் இரண்டு வருடம் போகாமலே போனதாக அளந்திருக்கிறாள். ஆசிரியை எந்த ஊர் என்று கேட்டதும் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து மதி ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை செய்து, சவுவா மலையில் ஒரு வாரத்துக்கு ஓர் அறை பிடித்துவிட்டான். கார் ஒன்றுதான் மிச்சம்.

அவனோடு யோகன் அண்ணை வந்தார். ரூ காய் என்ற தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் மலைக்குப் போகவில்லை. பேர் கொடுக்க வந்திருந்தார்.

எங்கள் சனத்தில் இது ஒரு வழக்கம். ஒருவரிடம் சரியான காகிதம் இருந்தால் இல்லாதவருக்குத் தன் பேரைக் கொடுப்பார். வீடு, டெலிபோன், மின்சாரம் எல்லாம் அப்படித்தான் ஓடியது. நான் பாரிசுக்கு வந்த புதிதில் இருந்த அறையும் என் பேரில் இல்லை. அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை, உதவி என்றுதான் சொன்னோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

மதியின் வங்கி அட்டையில் ‘தெபி’, அதாவது டெபிட் என்று அச்சடித்திருந்தது. எங்கள் கடையில் பிணைத் தொகையை ‘கிரெடி’, அதாவது கிரெடிட் என்று போட்ட அட்டையில்தான் பிடித்து வைப்பார்கள். அட்டைக்காரர்தான் முதல் சாரதியாகவும் இருக்க வேண்டும். யோகன் அண்ணையிடம் அந்த அட்டை இருந்தது.

2. சுண்டங்காய் கால் பணம்

“பிள்ளை, பாத்துச் சொல்லு. உள்ளுக்கை என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்?” என்றார் யோகன் அண்ணை.

“ஒண்டும் ஒளிக்கேல்லை அண்ணை. சின்ன எழுத்திலை போட்டிருக்கிறம்.”

சுண்டங்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது கார் வாடகைக்கென்றே சொன்னது. இணையத்தில் பார்த்த வாடகை சுண்டங்காய். மற்றதெல்லாம் கவுண்டரில் ஏறும். அதை ஏற்றுவதுதான் என் வேலை, ஏற்றினால் மாத முடிவில் எனக்கும் கொஞ்சம் கிடைக்கும். எங்கள் மேலாளர் மிஷேல் பக்கத்து மேசையில் இருந்தபடி அதைத்தான் கவனிப்பார். அவருக்குத் தமிழ் தெரியாதது அன்று மதியின் நல்ல காலம்.

முதலில் டயர். நவம்பர் முதல் மார்ச் முடியும்வரை மலைப்பகுதிகளில் பனிக்கால டயர் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலியாவது வண்டியில் இருக்க வேண்டும். பாரிசில் எடுக்கும் கார் பெரும்பாலும் சாதாரண டயரோடுதான் வரும். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். சங்கிலியை எங்களிடம் நாள் வாடகைக்கு எடுப்பதைவிட வெளியே வாங்குவது மலிவு என்று மதியிடம் சொன்னேன். வாங்கினால் வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பழகு, மலையில் விரல் விறைத்த பிறகு பழக முடியாது என்றும் சொன்னேன்.

அடுத்தது தூரம். அவன் தெரிந்தெடுத்த மலிவான பொதியில் ஆயிரம் கிலோமீட்டர்தான் இருந்தது. அவன் போய்வர ஆயிரத்து முன்னூறு வரும். மாற்றிக் கொடுத்தேன். பெற்றோலை நிரப்பி எடுத்து நிரப்பித் திருப்பிக் கொடுக்கும் முறையைப் போட்டேன். விபத்து நடந்தால் எவ்வளவு வரை நம் கையிலிருந்து போகும், அதாவது ‘ஃபிரான்ஷீஸ்’ எவ்வளவு என்று காட்டினேன். கூடுதல் காப்புறுதி வாங்கினாலும் டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி அதில் சேராது என்பதையும் விரல் வைத்துக் காட்டினேன். வெளியே கூட்டிப்போய் நாலு பக்கமும், கூரையும், சக்கரமும் படம் எடுக்க வைத்தேன்.

“உன்ரை மனிசியிட்டைச் சொல்லு, டிக்கிக்கை மீன்குழம்பு வைக்கவேண்டாம். ஊத்துண்டால் மணம் போகாது, கழுவுறதுக்கெண்டு தனியாக் காசு எடுப்பாங்கள்.”

“அக்கா, அவ காலமையே சட்டியைக் கட்டிப்போட்டா.”

“அப்ப மடியிலை வைச்சுக்கொண்டு போகச் சொல்லு. தேசிக்காயை டயருக்குக் கீழை வைக்கலாம். பொனெட்டிலை மஞ்சள் பூசாதை.”

இப்படி எல்லாம் சொன்னேன். கடைசிக் கேள்வி மிஞ்சியது. அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்தவள் அதை மட்டும் பிரெஞ்சில், கவுண்டர்க் குரலில் கேட்டேன்: சாரதி ஒருவர்தானா?

இரண்டாவது சாரதிக்கு நாளொன்றுக்கு ஒரு கட்டணம். லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவருக்கு மேலும் ஒரு கட்டணம். மதி எடுத்து ஒன்றரை வருடம்தான். இருவரும் வெளியிலேயே கதைத்து வைத்துவிட்டு வந்திருந்தார்கள் என்று தெரிந்தது.

“ஓம், ஓம், ஒராள்தான்” என்றார் யோகன் அண்ணை.

நான் கட்டத்தில் புள்ளடி போட்டேன். சாவியை நீட்டினேன். மதியின் கை வந்து வாங்கியது. மிஷேல் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அடுத்தவர் வரலாம் என்றேன்.

3. செவ்வாய்க்கிழமை

செவ்வாய் காலை கடைக்குப் போன் வந்தது.

“அக்கா, மதி கதைக்கிறன். காரைச் சுவரிலை கொண்டுபோய் அடிச்சுப்போட்டன். இறக்கத்திலை ஸ்நோ வழுக்கிப்போட்டுது.”

“பிள்ளையளுக்கு ஒண்டுமில்லைத்தானே?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நான் தனியத்தான் போனனான், பாண் வாங்க. கார்தான் முன்பக்கம் முழுக்கப் போயிட்டுது.”

பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, கொன்ஸ்தாவிலை ஆர் ஓடினது எண்டு எழுதவேணும். யோகன் அண்ணைக்குப் போன் அடிச்சனான். தன்ரை பேரை எழுதச் சொல்லுறார். எழுதட்டோ?”

கொன்ஸ்தா என்பது விபத்து அறிக்கைத் தாள். அதில் யோகன் அண்ணையின் பெயர் இருந்தால் பிணைத் தொகையோடு கதை முடிந்துவிடும். மதியின் பெயர் இருந்தால் காப்புறுதி செல்லாது. ஒப்பந்தத்தில் பெயரில்லாதவன் ஓடியிருக்கிறான். முன்பக்கம் மாற்றும் முழுச் செலவும், கார் கராஜில் நிற்கும் நாட்களின் வாடகையும் ஒப்பந்தக்காரரான யோகன் அண்ணையின் தலையில் விழும். உதவி செய்த மனிதனை இப்படி மாட்டிவிட்டு மதி எப்படி அந்தத் தெருவில் நடப்பான்? அவன் கேட்டது பணத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். மதியின் பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம் அப்போது பிரெஃபெக்சர் அலுவலகத்தில் கிடந்தது.

“யோகன் அண்ணை இஞ்சை பாரிசிலை நிக்கிறார். அவற்றை கையெழுத்தையும் நீயே போடப்போறியோ?” என்று கேட்டேன்.

போனில் தூரத்தில் ஆரணி எதற்கோ சிரிப்பது கேட்டது.

“ஒண்டும் எழுதாதை. அரை மணித்தியாலம் பொறு” என்று சொல்லி வைத்தேன்.

4. வெங்காய மூட்டை

கோட்டைப் போட்டுக்கொண்டு ரூ காய்க்கு நடந்தேன். யோகன் அண்ணை வெங்காய மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்.

“அவன்ரை பிள்ளை இப்பதான் முதல்தரம் ஸ்நோ பாக்குது. நான் ஓடினன் எண்டு எழுதினால் என்ன குறைஞ்சுபோகும்? பேர் தந்தனான்தானே?” என்றார்.

“அண்ணை, இண்டைக்குக் காலமை நீங்கள் கடை திறந்ததை இந்தத் தெரு முழுக்கப் பாத்தது.”

“இந்தத் தெரு போய்ச் சொல்லாது.”

உண்மைதான், சொல்லாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமென்றால் தட்டைச் சுற்றி நின்று பிடிக்கத் தயங்காத சனம் எங்களுடையது. எனக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனால் அன்று கோபம்தான் வந்தது. அவர் மேல் அல்ல.

“அண்ணை, பேர் குடுக்கலாம். செய்யாததைச் செய்தன் எண்டு கையெழுத்து வைக்கிறது வேறை. பிடிபட்டால் உங்களுக்கு அபராதம். அவனுக்குக் குடியுரிமைக்குப் போட்ட தோசியேயே போயிடும். பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லப்போறியள்?”

அவர் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே நின்றார்.

“அண்டைக்கே ஏன் பிள்ளை இதைச் சொல்லேல்லை? மீன்குழம்பைப் பற்றியெல்லாம் சொன்னனி.”

சனிக்கிழமை உதவி செய்வதாக நினைத்துப் பேசாமல் இருந்தேன். ஒரு கட்டணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டும் இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைக்கு வெளியே நின்று மதிக்குப் போன் எடுத்தேன். “உன்ரை பேரை எழுது. உன்ரை கையெழுத்தை வை. மிச்சம் நான் பாக்கிறன்” என்றேன். எதை வைத்துப் பார்ப்பேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

5. மிஷேலின் அறை

மிஷேல் கெட்ட மனிதர் இல்லை. கணக்கு மனிதர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: சனிக்கிழமை சாவியை வாங்கியது ஒப்பந்தக்காரர் இல்லை. யார் ஓடப்போகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன்.

“நீ பார்த்தாயா, அல்லது இப்போது யோசித்துப் பார்க்கும்போது அப்படித் தோன்றுகிறதா?” என்று பிரெஞ்சில் கேட்டார். தப்பிக்க ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார் என்று புரிந்தது.

“பார்த்தேன்.”

“உனக்கு எழுத்தில் எச்சரிக்கை வரும், தெரியுமா?”

“தெரியும்.”

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ஊழியருக்குத் தெரிந்திருந்தும் இரண்டாவது சாரதியை எழுதவில்லை, தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது என்று எழுதினார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மதியை முதல் நாளிலிருந்தே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அப்படியே கணக்குப் பார்த்தார்கள். விடுபட்ட கட்டணமும் பிணைத் தொகையும் போயின. கார் திருத்திய மீதிச் செலவை யோகன் அண்ணையிடம் கேட்கவில்லை. என் எச்சரிக்கைக் கடிதமும் அதே உறையில்தான் வந்தது. இருபத்தொரு வருடத்தில் எனக்கு வந்த ஒரே எச்சரிக்கை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். எங்களுக்கு மிஷேல் வாய்த்தார். வாய்க்காதவர்கள் முழுவதையும் கட்டியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மதியின் குடும்பம் அந்த வாரம் முழுவதும் மலையில் இருந்துவிட்டு ரயிலில் திரும்பி வந்தது. நேரே கடைக்கு வந்து, அடிபட்ட காரில் விட்ட மீதிச் சாமான்களைப் பற்றி விசாரித்தார்கள். மதி தலை நிமிரவில்லை. ஆரணிதான் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, தான் பதினொரு தரம் விழுந்ததாகப் பிரெஞ்சில் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன். ஊரின் பெயர், மலையின் பெயர், பயிற்சியாளரின் பெயர், அவருடைய நாயின் பெயர் எல்லாம் சொன்னாள்.

6. கேட்க வேண்டிய கேள்வி

அதற்குப் பிறகு நான் சாவியைக் கொடுக்கும் முறையை மாற்றினேன். எந்த மொழிக்காரர் ஆனாலும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்பேன். தமிழர் என்றால் தமிழில் கேட்பேன். நம் பாஷையில் கேட்டால் ‘ஓம், ஓம்’ என்று தட்டிக்கழிப்பது அவர்களுக்கும் கஷ்டம், அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருப்பது எனக்கும் கஷ்டம். பலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் என்னைப் பிரெஞ்சுக்காரி ஆகிவிட்டாய் என்று ஏசினார். அவர் அந்த இரண்டாவது பெயரை எழுதிவிட்டுத்தான் போனார்.

சிறிய எழுத்தைப் படியுங்கள், டயரைப் பாருங்கள், படம் எடுங்கள். எல்லாம் சரிதான். ஆனால் கவுண்டரில் நிற்கிறவர் தெரிந்தும் சொல்லாமல் விடுகிற ஒன்றை வாடிக்கையாளர் எந்தத் தாளில் தேடுவார்? புதிதாக வந்த நீங்கள் இருவரும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

மூன்று வருடம் மதி கார் எடுக்கவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய குளிர்காலத்தில், அதே விடுமுறைச் சனிக்கிழமை, வரிசையில் நின்றான். மனைவி, மகள், கையில் துணியால் கட்டிய சட்டி. யோகன் அண்ணையும் கூட வந்திருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தார். பேர் தேவைப்படவில்லை, வழியனுப்ப மட்டும் வந்தாராம்.

மதி தன் அட்டையை வைத்தான். ‘கிரெடி’ என்று போட்டிருந்தது. பக்கத்தில் அடையாள அட்டை, அதுவும் பிரெஞ்சு அடையாள அட்டை. நான் எல்லாவற்றையும் எழுதி முடித்து, சாவியைக் கையில் எடுத்தேன்.

“ஓடப்போறது ஆர்?”

மதி வாய் திறப்பதற்குள் ஆரணி சொல்லிவிட்டாள். அவள் என்னோடு தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

“அப்பா.”

சாவியை அவன் கையில் வைத்தேன்.