வெயிலை எதில் அளப்பது

வற்றிப்போன ஊருணியின் நடுவே தோண்டிய ஊற்றில் நீர் மெல்லச் சுரந்து வருவதுதான், அந்தக் கோடையை நினைத்தால் முதலில் என் கண்ணுக்குள் வரும். கலங்கல் தெளியத் தெளிய, வானத்தின் ஒரு துண்டு அதற்குள் வந்து படுத்துக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருந்தால் நாமும் அதற்குள் இறங்கிவிட்டதுபோல் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. சாக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இரண்டு வருடமாக மழை பொய்த்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, பெரிய வீடு சின்ன வீடு பாராமல், சேரி வீடுகளையும் சேர்த்து, வீட்டுக்கு இரண்டு குடம் என்று முடிவு செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு என்பதில் ஊருக்கே ஒரு பெருமை. சேரிக்காரர்கள் ஊற்றைத் தொடக்கூடாது என்பதால், அவர்களுக்கு இறைத்து ஊற்றும் பொறுப்பு என் மதினியிடம் வந்தது. மதினி என் கணவரின் அக்காள். சிறு வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டோடு இருந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் ஊற்றினால் ஒரு சொட்டு கூடாது, குறையாது என்று எல்லாரும் நம்பினார்கள்.

ஊர்க்காரர்கள் எடுத்து முடித்த பிறகுதான் சேரியின் முறை. அதற்குள் ஊற்று களைத்துப்போயிருக்கும். ஒரு குடத்துக்கு நீர் சேர வெகுநேரமாகும். நிழலே இல்லாத கரையில் அவர்கள் உச்சிப்பொழுதுவரை நிற்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கானலில் அவர்கள் உருவம் நெளியும். ஒரு நாள், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், குடம் நிரம்பிய பிறகும் அதைத் தூக்காமல் மதினியைப் பார்த்தாள். குரலில் சண்டை இல்லை.

“தண்ணி அளவு சரியாத்தான் இருக்கு தாயி. நாங்க நிக்கிற வெயிலை எதுல அளப்பீக?”

மதினி அடுத்த குடத்துக்கு இறைக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் சேரிக்காரர்களை முதலில் கூப்பிட்டு ஊற்றினார். பெரியவர்கள் எங்கள் வீடு தேடி வந்தார்கள். அளவு மாறவில்லை, முறைதானே மாறியது என்று மதினி சொன்னார். அதோடு அந்தப் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனது. என் கணவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் முதல், எங்கள் வீட்டுக்கான இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு மதினி சேரி வரிசையின் கடைசியில் போய் நின்றார். புதிதாக ஊற்ற வந்தவர் முன்னால் வரச் சொல்லியும் போகவில்லை. எங்கள் வீட்டில் உலை வைக்கவே உச்சி சாய்ந்துவிடும். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பசி தாங்காமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“நீங்க போயி நிக்கிறீக. அதுனால அதுகளுக்கு என்ன கெடைச்சுச்சு மதினி?”

அவர் வெந்து சிவந்த பாதங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஒண்ணும் கெடைக்கல. எனக்குக் கால் சுட்டா வீட்டுக்கு வந்துருவேன். அவுக எங்குட்டுப் போவாக?”

மழை வரும்வரை அவர் நின்றார். வேறு யாரும் போய் நிற்கவில்லை, நானும் போகவில்லை. வரிசையும் கடைசிவரை மாறவில்லை. இப்போது தெருவுக்குத் தெரு குழாய் வந்துவிட்டது. சமத்துவம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று மேடையில் யாராவது கணக்குச் சொன்னால், என் மனம் அந்தக் கரைக்குப் போய்விடுகிறது. அந்தத் தூரத்தை அளக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. சேரி மனிதர்களை எங்கள் வீட்டில் ‘அதுக’ என்பதுதான் வழக்கம். அன்று மதினி ‘அவுக’ என்றார். அந்த ஒரு சொல் என் வாயில் வருவதற்கு இன்னும் பல வருடங்கள் பிடித்தன.